ஈடு செலுத்திய விடுதலை: நந்தன் சரித்திரக் கீர்த்தனையும் பிரெஞ்சுக் கயானாவின் ஆப்பிரிக்க வழியினரும்

முன்னுரை

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரக் கீர்த்தனை 1861–62 அளவில், காரைக்காலில் பிரெஞ்சு அரசின் அலுவலராக இருந்த சீசே என்பவரின் ஆதரவில் அச்சேறியது. அதே 1861-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரிட்டிஷ் இந்தியக் குடிகளை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளுக்கு அழைத்துச் செல்ல அது வழிவகுத்தது. புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் கப்பலேறிய துறைமுகங்கள். தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் கயானா அவர்கள் சென்றடைந்த இடங்களுள் ஒன்று. சிதம்பரம் செல்ல உத்தரவு கேட்டு நிற்கும் பண்ணையாளின் கதை நூலாகிய காலமும், பண்ணையாட்கள் கடல் கடந்த காலமும் ஒன்றே. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கொள்ளச் சான்றில்லை. எனினும் இரண்டையும் அருகருகே வைக்கும்போது, கீர்த்தனை விடுதலையை எவ்வாறு கற்பனை செய்கிறது என்பது தெளிவாகிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேதியரின் வருகை

பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவார் கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரில் வாழ்பவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழ் வீணைகளுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்பவர். குலத்தால் வந்த தடையே அவரைத் தில்லையின் எல்லையில் நிறுத்துகிறது. ஒரு முதலாளியின் அனுமதிக்கு அவர் காத்திருப்பதாகச் சேக்கிழார் பாடவில்லை. நிலமுடைய வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியாரே. இம்மாற்றத்தால் நாயனார் பண்ணையாளாகிறார். ‘நாளை’ என்னும் சொல் பக்தனின் தயக்கத்தை மட்டுமன்றி, ஆண்டையின் மறுப்பையும் குறிக்கத் தொடங்குகிறது.

இம்மாற்றம் வெறுங்கற்பனை அன்று. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்திலும், அதன் சிதம்பரம் வட்டத்திலும், அண்டையிலுள்ள தஞ்சையிலும் நெல் விளைச்சல் பண்ணையாள் உழைப்பை நம்பியிருந்தது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. கடனும் குடியிருப்பு மனையும் உழைப்பவரைக் கட்டிவைத்த நிலையை அது தொடவில்லை. சட்டத்தில் அடிமை இல்லை, வயலில் ஆண்டை உண்டு என்னும் அந்த இடைவெளியிலேதான் கீர்த்தனையின் வேதியர் நிற்கிறார்.

நாற்பது வேலியும் இழப்பீடும்

வேதியர் உத்தரவு கொடுக்க விதிக்கும் நிபந்தனை, நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுச் செல்க என்பது. சிவனருளால் ஓர் இரவில் விளைச்சல் கைகூடுகிறது. அதைக் கண்ட வேதியர் நந்தனின் காலில் விழுகிறார். பக்தி நோக்கில் இது கதையின் உச்சம். உழைப்பின் நோக்கில் பார்த்தால், ஆண்டைக்கு ஒரு மரக்கால் நெல்லும் குறையாமல் கணக்குத் தீர்ந்த பின்னரே பண்ணையாள் விடுபடுகிறார். அற்புதம் நந்தனைக் காப்பதோடு வேதியரின் களத்தையும் நிரப்புகிறது.

இதே ஒழுங்கைக் கயானாவிலும் காணலாம். அங்கே அடிமைமுறை 1794-இல் ஒழிக்கப்பட்டு, 1802-இல் நெப்போலியன் ஆட்சியில் மீண்டும் நிறுவப்பட்டது. 1848 ஏப்ரல் 27 ஆணையின்படி மீண்டும் ஒழிக்கப்பட்டபோது ஏறத்தாழ 12,500 பேர் விடுதலை பெற்றனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 30-இல் இயற்றப்பட்ட சட்டம் இழப்பீடு வழங்கியது. அதைப் பெற்றவர்கள் உடைமையாளர்கள், உழைத்தவர்கள் அல்லர். இரு நிகழ்வுகளிலும் விடுதலைக்கு ஈடு தேவைப்படுகிறது. அந்த ஈடு ஆண்டையிடமே சேர்கிறது.

அடிமையாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கரின் நிலையும் பண்ணையாளின் நிலையும் ஒன்றல்ல. பிறந்த மண், மொழி, உறவு ஆகிய மூன்றிலிருந்தும் பிடுங்கப்பட்டுக் கடல் கடந்து விற்கப்பட்டதன் கொடுமையை ஒப்பீடு மழுங்கடித்துவிடக் கூடாது. இங்கு ஒப்பிடப்படுபவை துயரங்கள் அல்ல. விடுதலைக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள்.

கேட்கப்படாத கேள்வி

நந்தன் தில்லைக்குச் சென்ற பின் அடுத்த பருவத்து நடவை யார் செய்வார்? கீர்த்தனை இதைக் கேட்பதில்லை. ஊரில் தங்கிவிடும் ஏனைய பண்ணையாட்கள், நந்தனைத் தடுத்து அறிவுரை கூறும் பாத்திரங்களாகவே வந்து மறைகின்றனர். ஒருவனின் முத்தி ஏனையோரின் கட்டைத் தளர்த்துவதில்லை.

கயானாவில் அக்கேள்வி எழுந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வழியினரில் பெரும்பாலோர் பழைய தோட்டங்களை விட்டு விலகிக் காட்டோரச் சிறுநிலங்களில் தமக்கென்று பயிரிட்டனர். 1855-இல் தங்கம் கண்டறியப்பட்டபின் பலர் அதைத் தேடிச் சென்றனர். அவர்கள் விட்ட இடத்தை நிரப்பக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களுள் தமிழர்களும் இருந்தனர். 1850களின் நடுப்பகுதி முதல் 8,000-க்கும் மேற்பட்ட இந்தியர் அங்குச் சென்றனர். அவர்களிடையே இறப்பு மிகுந்ததால் 1876-இல் இந்திய அரசு கயானாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

புலம்பெயர்ந்த தமிழரின் துயரைப் பேசும் நம் எழுத்துகளில் ஆப்பிரிக்க வழியினர் பெரும்பாலும் ‘காலியான இடம்’ என்ற அளவிலேயே தோன்றுகின்றனர். அவர்கள் தோட்டத்தைக் கைவிட்டதைச் சோம்பலாகக் கண்டது தோட்டக்காரர்களின் பார்வை. அந்தப் பார்வையைத் தமிழ் ஆய்வு அறியாமலும் ஏற்றல் தகாது. அதற்கு முன்னரே, சுரிநாமின் தோட்டங்களிலிருந்து தப்பிய அலுக்கு மக்கள் போனி என்னும் தலைவரின் கீழ்ப் போரிட்டு, மரோனி ஆற்றுப் பகுதியில் தம் ஊர்களை அமைத்துக்கொண்டனர். உத்தரவு கேட்காமல் புறப்பட்டவர்களின் வரலாறு அது. ‘நாளை’ என்னும் சொல்லுக்கு அதில் இடமில்லை.

தீயும் நிறமும்

கதையின் முடிவில் நந்தன் தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுகிறார். அவர் தில்லைக்குள் புகுவது பழைய உடலை விட்ட பிறகே. கயேன் நகரில் 1912-இல் பிறந்த கறுப்பினக் கவிஞர் லியோன்-கோன்ட்ரான் தமாஸ், இத்தகைய மாற்றத்தையே மறுத்தவர். 1937-இல் வெளிவந்த அவரது முதல் தொகுப்பின் பெயர் ‘நிறமிகள்’ எனப் பொருள்படும். பிரெஞ்சுப் பண்பாட்டுக்குள் நுழையத் தன் நிறத்தையும் பேச்சையும் கழுவிக்கொள்ள வேண்டும் என்ற கட்டளையை அவர் கவிதைகள் எள்ளி நகையாடின. தமிழில் புதுமைப்பித்தனின் ‘புதிய நந்தன்’ சிறுகதையும் இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகமும் பழைய முடிவைக் கேள்விக்குள்ளாக்கின. குறிப்பாக நாடகத்தில் தீ அருளாக இல்லை, சூழ்ச்சியாக இருக்கிறது. தமாஸுடன் சேர்த்துப் படிக்கும்போது இம்மறுவாசிப்புகளின் எல்லையும் தெரிகிறது. நந்தன் எரிந்ததை அவை வினவின; நாற்பது வேலியின் கணக்கை அந்த அளவுக்கு வினவவில்லை.

முடிவுரை

கயேனில் பிறந்த கறுப்பினப் பெண் அரசியலர் கிறிஸ்தியான் தொபிரா முன்மொழிந்து 2001 மே 21-இல் நிறைவேறிய பிரெஞ்சுச் சட்டம், அடிமை வணிகத்தையும் அடிமைமுறையையும் மானுடத்துக்கு எதிரான குற்றமாக அறிவித்தது. அக்குற்றத்துக்கு ஆளானவர்களாக ஆப்பிரிக்கர், அமெரிக்கத் தொல்குடியினர், மலகாசியர் ஆகியோருடன் இந்தியரையும் அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆப்பிரிக்க வழியினரின் நினைவில் இந்தியருக்கு இடம் கிடைத்திருக்கிறது; தமிழரின் நினைவில் அவர்களுக்கு அத்தகைய இடம் இன்னும் அமையவில்லை. நந்தன் சரித்திரக் கீர்த்தனையைக் கொள்ளிடக் கரையின் பக்திப் பனுவலாக மட்டும் வாசிக்கும்வரை அது அமையாது. அதனை விடுதலையின் விலையைப் பேசும் நூலாகவும் வாசித்தால், ஆதனூரிலிருந்து சிதம்பரத்துக்குச் செல்லும் சாலையும் காரைக்காலிலிருந்து கயேனுக்குச் சென்ற கடல்வழியும் ஒரே கேள்வியில் வந்து கூடும்: உழைத்தவன் விடுபடும்போது ஈடு பெறுவது ஏன் ஆண்டையாக இருக்க வேண்டும்?