யுலிசிஸ்: பதிப்பு வரலாறும் மூலபாடத் தேர்வும்

1. முன்னுரை

தடைசெய்யப்பட்ட ஒரு நூலின் வரலாறு, அதனை விடுவித்த தீர்ப்போடு முடிவடைவதாகக் கருதுவது வழக்கம். ஜேம்ஸ் ஜாய்சின் 'யுலிசிஸ்' புதினம் பற்றிய அறிமுகங்கள் பலவும் 1933ஆம் ஆண்டுத் தீர்ப்போடு நிறைவுறுகின்றன. ஆனால் அத்தீர்ப்பு நூலை விடுவித்ததேயன்றி அதன் பாடத்தைச் செம்மையாக்கவில்லை. எது பிழை, எது ஆசிரியரின் நெறிபிறழ்வு என்னும் வினா மொழிபெயர்ப்பாளருக்கு இன்றும் எஞ்சி நிற்கிறது. அவ்வினா எழுந்த முறையினையும் அதற்கு விடை காணும் வழியினையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தடையும் அச்சும்

மார்கரெட் ஆண்டர்சன், ஜேன் ஹீப் ஆகியோர் நடத்திய 'லிட்டில் ரிவ்யூ' என்னும் அமெரிக்க இதழில் இப்புதினம் 1918 முதல் 1920 வரை தொடராக வெளிவந்தது. தொடக்கத்திலேயே பாடம் சிதைவுற்றது. புளூம் கழிப்பறையில் இருக்கும் பகுதியில் சில வரிகளை எஸ்ரா பவுண்ட் நீக்கியே இதழுக்கு அனுப்பினார். அஞ்சல் துறையும் சில இதழ்களைக் கைப்பற்றியது. 13ஆம் இயலின் பொருட்டு ஆசிரியர் இருவர் மீதும் வழக்குத் தொடரப்பட்டு, 1921இல் ஒவ்வொருவருக்கும் 50 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது.

இதன்பின் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் முழுநூலையும் வெளியிட யாரும் முன்வரவில்லை. பாரிசில் புத்தகக் கடை நடத்திய சில்வியா பீச் 1922 பிப்ரவரி 2 அன்று அதனை வெளியிட்டார். 1,000 படிகள் திஜோன் நகரில் தாரான்தியேரின் அச்சகத்தில் அச்சாயின. அச்சுக்கோத்தவர்களோ பிரெஞ்சுக்காரர்கள். ஜாய்சும் மெய்ப்புத் தாள்களிலேயே தொடர்ந்து எழுதி, நூலின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியை அவற்றில் சேர்த்தார். அச்சுப் பிழைகளைப் பொறுத்தருளுமாறு முதற்பதிப்பிலேயே வெளியீட்டாளர் வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. தடை நூலை அயல்நாட்டு அச்சகத்திற்குத் துரத்தியது. அச்சகம் பாடத்தைப் பிழைபடச் செய்தது.

1933 டிசம்பரில் நீதிபதி ஜான் வுல்சி இந்நூல் ஆபாசமானதன்று எனத் தீர்ப்பளித்தார். 1934இல் ராண்டம் ஹவுஸ் நிறுவனம் அத்தீர்ப்பினையும் முன்னே சேர்த்து நூலை வெளியிட்டது. ஆனால் அப்பதிப்புக்கு மூலமாக அமைந்தது, உரிமையின்றி அச்சிடப்பட்ட பிழை மலிந்த ஒரு திருட்டுப் பதிப்பே என்பது பின்னர்த் தெரியவந்தது. சட்டப்படி முதன்முதலாக அமெரிக்க வாசகர் கைக்கு வந்த பாடம் இதுவே.

3. பிழையா, நெறிபிறழ்வா?

1984இல் ஹான்ஸ் வால்டர் காப்லர் கையெழுத்துப் படிகளையும் மெய்ப்புத் தாள்களையும் கணிப்பொறி துணைகொண்டு ஒப்பிட்டு, ஏறத்தாழ 5,000 திருத்தங்களுடன் ஆய்வுப் பதிப்பினை வெளியிட்டார். அதில் மீட்கப்பட்ட ஓர் எழுத்து குறிப்பிடத்தக்கது. தாய் மரணப் படுக்கையில் இருப்பதாக ஸ்டீபனுக்கு வரும் தந்தியில், தாயைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து கையெழுத்துப் படியில் 'எம்' அன்று, 'என்'. அச்சில் அது 'எம்' ஆகத் திருத்தப்பட்டிருந்தது. அத்தந்தி பிறருக்குக் காட்டத்தக்க ஒரு விந்தைப் பொருள் என ஸ்டீபன் நினைவுகூர்கிறான். எழுத்துப் பிழை இன்றேல் அக்கூற்றுக்கு உரிய காரணம் இல்லை.

இவ்வாறே, புளூமுக்கு வரும் காதற் கடிதத்தில் 'சொல்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் ஓரெழுத்து மிகுந்து அது 'உலகம்' ஆகிறது. பின்னர் இடுகாட்டில் புளூம் அப்பிழையை மறுமை உலகோடு இணைத்து எண்ணுகிறான். தந்தியைப் போன்றே இங்கும் பாடமே தன் பிழைக்குச் சான்று பகர்கிறது.

எல்லா இடங்களிலும் இத்தகைய அகச்சான்று கிடைப்பதில்லை. மிதிவண்டிப் போட்டியாளர் ஒருவரின் பெயரைக் காப்லர் 'ஷ்ரிஃப்ட்' எனப் பதிப்பித்தார். 'த்ரிஃப்ட்' என்னும் பெயருடைய போட்டியாளர் உண்மையில் வாழ்ந்தவர் என்பதை ஜான் கிட் 1988இல் சுட்டிக்காட்டினார். கையெழுத்துப் படியின் வரிவடிவம் மட்டும் போதாது, புறச்சான்றும் தேவை என்பதை இக்கண்டனம் உணர்த்தியது. 1990இல் 1961ஆம் ஆண்டுப் பாடமும் மீண்டும் அச்சேறியதால் இரு பாடங்கள் அருகருகே வழங்கலாயின.

4. மொழிபெயர்ப்புக்கு இதன் பயன்

1927ஆம் ஆண்டு ஜெர்மன் மொழிபெயர்ப்பும் 1929ஆம் ஆண்டுப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் ஜாய்ஸ் வாழ்ந்த காலத்திலேயே தோன்றியவை. 1975இல் ஹான்ஸ் வோல்ஷ்லேகரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இம்மூன்றும் காப்லர் பதிப்புக்கு முற்பட்டவை. எனவே இவற்றை மதிப்பிடுவோர், எந்தப் பாடத்திலிருந்து பெயர்க்கப்பட்டது என்பதை அறியாமல் பிழை காணுதல் முறையாகாது.

தந்தியைத் தமிழில் பெயர்ப்பதாகக் கொள்வோம். 'தாய்' என்பதில் முதலெழுத்தை மாற்றினால் 'நாய்' கிடைக்கும். ஓரெழுத்து மாற்றம் என்னும் அளவில் இது மூலத்தோடு ஒக்கும். ஆயினும் மூலத்துப் பிழையில் வசைப்பொருள் இல்லை. 'மற்றொன்று' என்பதன் மெல்லிய சாயல் மட்டுமே உண்டு. மேலும் அதே இயலில் கடற்கரையில் ஒரு நாய் திரிவதும், மற்றொரு நாயின் பிணம் கிடப்பதும் காட்டப்படுவதால் இல்லாத குறியீடு ஒன்று தோன்றிவிடும். 'அம்மா' என்பதில் பொருளற்ற ஓரெழுத்துப் பிழையை அமைத்தால் அச்சாயல் இழக்கப்படும்; ஆனால் விந்தை எஞ்சும், புதுப்பொருள் நுழையாது. மிகைப் பொருளினும் இவ்விழப்பே ஏற்புடையது எனலாம்.

5. முடிவுரை

யுலிசிஸ் விட்டுச் சென்ற மரபு நனவோடை உத்தி மட்டுமன்று. அச்சிட்ட பாடத்தை ஐயமின்றி ஏற்கலாகாது என்னும் எச்சரிக்கையும் அம்மரபைச் சார்ந்ததே. இதனைப் பெயர்க்க முற்படுவோர் தாம் கொண்ட பதிப்பினை முன்னுரையில் குறிப்பிடுதலும், பிழைபோல் தோன்றுவனவற்றைத் திருத்துமுன் அகச்சான்று, புறச்சான்று இரண்டினையும் நாடுதலும் இன்றியமையாதன. கவனமற்ற ஒரு திருத்தம், அன்றைய அச்சுக்கூடத்தில் நிகழ்ந்ததையே மற்றொரு மொழியில் மீண்டும் நிகழ்த்திவிடும்.