முதல் பாடத்தோடு முடிந்தவர்கள்

ஆஸ்திரேலியாவில் 1950களில் பள்ளிக்குப் போனவர்கள் வரலாற்றை ஒரு வரிசையாகவே மனப்பாடம் செய்தார்கள்: 1770இல் கேப்டன் குக், 1788இல் கைதிகளை ஏற்றிவந்த கப்பல்கள், செம்மறி ஆடு, தங்கம், கலிப்போலி. பழங்குடிகளும் புத்தகத்தில் உண்டு. முதல் பாடத்தில் பூமராங்கோடு நிற்பார்கள். ஆடுகள் மேயத் தொடங்கியதும் காணாமல் போவார்கள். எங்கே போனார்கள் என்று எந்தத் தேர்விலும் கேள்வி வராது.

ஆதாரம் இல்லாமல் வந்த மௌனம் அல்ல இது. நியூ சவுத் வேல்ஸின் மயால் கிரீக்கில் 1838 ஜூன் 10 அன்று நடந்தது நீதிமன்ற ஏட்டிலேயே இருக்கிறது. மாட்டுப் பண்ணை ஒன்றில் நம்பித் தங்கியிருந்த விராயராய் பழங்குடி மக்களில் குறைந்தது 28 பேரைப் பண்ணையாட்கள் கயிற்றில் பிணைத்து இழுத்துப்போய் வெட்டிக் கொன்றார்கள், உடல்களை எரித்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். புகார் கொடுத்தவர் அதே பண்ணையின் மேற்பார்வையாளர், வெள்ளையர். கொலையாளிகளின் வழக்குச் செலவுக்கு நிலக்காரர்கள் பணம் திரட்டினார்கள். முதல் விசாரணையில் 11 பேரும் விடுதலை. மறு விசாரணைக்குப் பின் ஏழு பேருக்குத் தூக்கு. சிட்னிப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் எழுதின, கொன்றவர்களுக்குப் பரிந்துகூட. இவ்வளவும் அச்சில் இருக்க, பாடநூல் எழுதியவர்களுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று என்று எப்படி நம்புவது?

மானுடவியலாளர் ஸ்டானர் 1968இல் வானொலி உரைகளில் இந்த மௌனத்தைத்தான் சுட்டிக்காட்டினார். இது மறதியல்ல, நிலக்காட்சியின் ஒரு பகுதி கண்ணில் படாதபடி பார்த்து வைத்த ஜன்னல் என்பது அவர் கருத்து. 1981இல் வரலாற்றாசிரியர் ஹென்றி ரெனால்ட்ஸ் குடியேற்ற எல்லைப்புறத்தின் மறுபக்கத்தை, பழங்குடிகளின் பக்கத்தை எழுதினார். 1992இல் நிலவுரிமை பற்றிய மாபோ வழக்கில், யாருக்கும் சொந்தமில்லாத மண் என்ற பழைய வாதத்தை உயர் நீதிமன்றமே நிராகரித்தது.

எதிர்ப்பும் உடனே கிளம்பியது. மறுவருடமே வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பிளேனி இப்படி எழுதப்படும் வரலாற்றைத் துக்கக் கறுப்புப் பட்டை கட்டிய வரலாறு என்றார். பின்னர் பிரதமரான ஹோவர்டும் அதையே பிடித்துக்கொண்டார். 2002இல் எழுத்தாளர் கீத் வின்ட்ஷட்டில், டாஸ்மேனியாவில் பழங்குடிகள் கொல்லப்பட்ட செய்திகள் ஊதிப் பெருக்கப்பட்டவை என்று ஒரு தடித்த நூலே எழுதினார். அவர் காட்டிய அடிக்குறிப்புப் பிழைகளில் சில உண்மைதான். ஆனால் அவர் குறிவைத்த வரலாற்றாசிரியர் லிண்டல் ரையன் பதிலுக்குச் செய்த வேலை பெரிது: ஆறு பேர் அல்லது அதற்கு மேல் கொல்லப்பட்ட இடங்களை ஆதாரத்தோடு குறிக்கும் வரைபடம். 2017 முதல் எவரும் அதைத் திறந்து தங்கள் ஊரைத் தேடலாம்.

இந்த மௌனம் ஆஸ்திரேலியாவோடு நிற்கவில்லை. கனடாவில் இதே 2017இல் மூன்றாம் வகுப்புப் பயிற்சி நூல் ஒன்று, குடியேறிகளுக்கு இடம் கொடுக்கப் பூர்வகுடிகள் சம்மதித்து விலகினார்கள் என்றது. கண்டனம் எழ, பதிப்பகம் பிரதிகளைத் திரும்பப் பெற்றது.

நியூசிலாந்தில் பாட மாற்றத்தைத் தூண்டியவர்கள் மாணவர்களே. 1864இல் பிரிட்டிஷ் படை தாக்கிய ரங்கியாவோஹியா கிராமத்தை ஓட்டொரொஹங்கா பள்ளி மாணவர்கள் நேரில் பார்த்தார்கள். இது ஏன் பாடத்தில் இல்லை என்று கேட்டு, 12,000க்கு மேற்பட்ட கையெழுத்துகளை 2015இல் நாடாளுமன்றத்திடம் கொடுத்தார்கள். 2023இல் நாட்டு வரலாறு கட்டாயப் பாடமானது. அந்த ஆண்டே ஆட்சி மாறியது. பாடத்திட்டத்தில் சமநிலையை மீட்க வேண்டும் என்பது புதிய கூட்டணியின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.