பெச்சாக்காரன் பாட்டு

பாயான் பாரு சந்தைப் பக்கம் காலையில் மீ கோரெங் சாப்பிட உட்கார்ந்தால், ஏதாவது ஒரு வானொலியில் பழைய மலாய் நடிகரும் பாடகருமான பி. ரம்லி பாடிக்கொண்டிருப்பார். 1929-இல் இதே பினாங்குத் தீவில் பிறந்தவர். ஜார்ஜ்டவுனில் அவர் பெயர் தாங்கிய சாலையில் அவர் வாழ்ந்த மரவீடு இன்று நினைவில்லம்.

அவரைக் கண்டெடுத்தவர் இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில் ரம்லி பாடியதைக் கேட்டு சிங்கப்பூர் ஷா ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனார். 1948-இல் ‘சிந்தா’ படத்தில் சின்ன வேடம், கதாநாயகனுக்குப் பின்னணிக் குரல். 1950-இல் ‘பக்தி’யில் கதாநாயகனாக்கியவர் இயக்குநர் எல். கிருஷ்ணன்: சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த நம்மாள். இதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வார் யாருமில்லை.

எனக்குப் பிடித்தது 1955-இல் அவரே இயக்கிய முதல் படம், ‘பெனாரெக் பெச்சா’. பெச்சா (மூன்று சக்கர ரிக்‌ஷா) மிதிக்கும் ஏழை, பணக்கார வீட்டுப் பெண், இடையில் ஒரு வில்லன். கதை நமக்குப் பழகியதுதான். ஆனால் நடிப்பில் அலட்டல் கிடையாது. பாடும்போது கை வீசாமல், முகம் கோணாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் பாடுகிறார். இசையும் அவருடையதே என்பதால் மூச்சு எங்கே விடவேண்டுமென்று உடம்புக்கே தெரிந்திருக்கிறது. நம் பழைய படங்களில் பாட்டு வந்தால் கதை ஓரமாய் நிற்கும். இங்கே பாட்டுக்குள்ளேயே காதல் ஓரடி முன்னே போகிறது.

1964-இல் கோலாலம்பூர் போய் மெர்டேக்கா ஸ்டூடியோவில் எடுத்த படங்களில் அந்த மெருகு குறைவு. அந்த ஸ்டூடியோவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் கிருஷ்ணன்தான்.