மருட்கையும் காளானும்: இயற்கை வருணனை பற்றி ஒரு நோக்கு

தமிழைப் பாடமாகக் கற்கும் மாணவர் எவரும் இயற்கை வருணனை பற்றி ஒரு வினாவுக்கேனும் விடை எழுதாது பரீட்சை மண்டபத்தினின்றும் வெளியேறுவதில்லை. அவ்விடை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாகவே அமையும். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 மலர்களை நிரல்படக் கூறினார். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். எனவே பண்டைத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்பதே அதன் சாரம். இவற்றுள் எதுவும் பிழையன்று. ஆயினும், இவ்விடையை எழுதுபவர் தம் வாழ்நாளில் ஒரு மரத்தையேனும் நின்று பார்த்திருத்தல் வேண்டும் என்ற நியதி அதில் எங்கும் இல்லை. பார்க்காமலே எழுதக்கூடிய ஒன்றை இரசனை என்று கொள்ளலாமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினா நூலகத்தில் எழுந்ததன்று. முதலாம் வருடத்தில், ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு நாளிலே, சக மாணவர் சிலருடன் ஹந்தானை மலைக்கு நடந்து சென்றோம். எம்முள் ஒருவர் குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பெயர்களை ஒன்றும் விடாது மனனமாக ஒப்புவித்தார். யாவரும் பாராட்டினோம். அப்பொழுது எம்மைச் சூழ நின்ற மரங்களுள் பைன் மரத்தைத் தவிர வேறொன்றின் பெயரையும் எம்மிற் பலர் அறிந்திருக்கவில்லை. பாதையோரத்துக் கறையான் புற்றொன்றின்மேல் வெண்ணிறக் காளான்கள் கூட்டமாக எழுந்திருந்தன. யான் அவற்றை உடனே அறிந்துகொண்டேன். தேயிலைத் தோட்டத்திலே வளர்ந்தவர்க்கு அவை புதியனவல்ல. என் தாயார் மழைக்குப் பின் அவற்றைத் தேடிப் பறித்து வந்து சமைப்பது வழக்கம். எனினும் அன்று யான் வாய் திறக்கவில்லை. மலர்ப்பெயர் சொன்னவர் இலக்கியம் அறிந்தவராகவும், காளானை அறிந்தவர் லயத்துக் காம்பராவின் வறுமையை அறிந்தவராகவும் மட்டுமே கருதப்படுவர் என்ற அச்சமே அதற்குக் காரணம். அவ்வச்சம் எங்கிருந்து வந்தது என்று பின்னர் ஆராய்ந்தபோது, அதன் ஒரு வேர் நாம் இலக்கியத்தைப் படிக்கும் முறையிலேயே இருப்பதைக் கண்டேன்.

வியப்பு எனும் உணர்வைத் தமிழ் இலக்கணம் புறக்கணித்ததில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையைக் கூறி, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு நிலைக்களங்களிற் பிறக்கும் என வகுக்கின்றது. இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கன இரண்டு. ஒன்று, பெருமைக்கு நிகராகச் சிறுமையும் வியப்புக்குரிய நிலைக்களமாக வைக்கப்பட்டமை. மற்றது, ஒரு பொருள் பிறிதொன்றாகத் திரிதலாகிய ஆக்கமும் அதனோடு சேர்க்கப்பட்டமை. இந்நான்கையும் கருவியாகக் கொண்டு நோக்கினால், எமது இயற்கை வருணனை ஆய்வுகள் பெரும்பாலும் பெருமையோடு நின்றுவிட்டமை புலனாகும். மலை, அருவி, ஓங்கிய வேங்கை, களிறு ஆகியன பேசப்படுகின்றன. சிறுமையும் ஆக்கமும் பேசப்படுவது அரிது. காட்டின் தரையை நோக்கிக் குனிந்து பார்க்கும் பயிற்சி எம் விமர்சனத்துக்கு வாய்க்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகின்றது.

முதலில் மரத்தை எடுத்துக்கொள்வோம். மரத்தை வியத்தல் எளிது. அதன் உயரமும் முதுமையும் எம்மைத் தாமே பணியவைக்கும். இவ்வியப்பை எழுத்தில் வடிக்க முனைவோர் பலரும் மேற்கொள்ளும் வழி மரத்தை மனிதராக்குவதாகும். அண்மைக்காலத்தில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, ஜேர்மனிய வனக்காவலரான பீட்டர் வோல்லேபன் 2015இல் வெளியிட்ட, மரங்களின் மறைவான வாழ்வு பற்றிய நூல். மரங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன, தாய்மரம் தன் சேய்களைப் பேணுகின்றது என்ற கருத்துகளை அந்நூல் உலகெங்கும் பரப்பியது. இதன் பின்னணியில் ஓர் உண்மையான ஆய்வு உண்டு. கனடாவைச் சேர்ந்த சூசான் சிமார்ட் என்பாரும் அவர்தம் குழுவினரும், காட்டிலே வளர்ந்த இருவேறு இன மரக்கன்றுகளுக்கிடையே காபன் பரிமாறப்படுவதாக 1997இல் அறிவித்தனர். வேர்களோடு இணைந்த பங்கசு இழைகள் அதற்கு வழியாகலாம் என்பது அவர்தம் கருத்து. ஆயின் 2023இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, இத்தகைய வலைப்பின்னல் பற்றிப் பரவலாகக் கூறப்படும் முடிவுகள் பல, கிடைத்துள்ள சான்றுகளை மிஞ்சிச் செல்கின்றன எனச் சுட்டிக்காட்டியது. வியப்பை விரைந்து விற்க முற்படும்போது உண்மை பின்தங்கிவிடுகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எம் முன்னோரும் மரத்தை மனிதராக்கவில்லையா? நற்றிணையின் 172ஆம் பாட்டிலே புன்னைமரம் தலைவியின் தங்கையாகின்றதே? அப்பாட்டை ஊன்றிப் படித்தால் வேறுபாடு விளங்கும். சிறுமியர் விளையாட்டாக மணலிற் புதைத்து மறந்த வித்து முளைத்தது. அவர்கள் நெய்யும் பாலும் ஊற்றி அதனை வளர்த்தனர். தாயும் அது உங்களினும் சிறந்தது, உங்கள் தங்கை என்றாள். ஆதலால் அம்மரநிழலிலே தலைவனோடு நகையாடத் தலைவி நாணுகின்றாள். புன்னைக்கு மனம் உண்டென்றோ, அது பேசிற்று என்றோ புலவர் கூறவில்லை. மரம் மரமாகவே நிற்கின்றது. உறவு பிறந்தது, அவர்கள் அதனை வளர்த்த உழைப்பினால். மரத்தின்மீது மனிதவுள்ளத்தை ஏற்றிக் காண்பதற்கும், மரத்தோடு மனிதர் கொண்ட தொழிற்பாட்டிலே உறவைக் காண்பதற்கும் உள்ள தூரம் பெரிது. முன்னது மரத்தைப் பார்ப்பதினின்றும் எம்மை விடுவிக்கின்றது. பின்னது பார்க்குமாறு கட்டாயப்படுத்துகின்றது.

இனிக் காளானை நோக்குவோம். சங்க இலக்கியத்திற் காளான் இடம்பெறும் முறை குறிப்பிடத்தக்கது. புறநானூற்றின் 164ஆம் பாட்டிலே பெருந்தலைச் சாத்தனார், குமணன்முன் தம் வறுமையைச் சொல்லுமிடத்து, சமைத்தலையே மறந்த அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதாகக் காட்டுகின்றார். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் பாணர் இல்லமும் இத்தகையதே. உரையாசிரியர் முதல் இக்கால விரிவுரைக் குறிப்புகள் வரை, இவ்விடங்களிற் காளான் வறுமையின் குறியீடாக மட்டுமே கொள்ளப்பட்டு வந்துள்ளது. அதிற் தவறில்லை, புலவரின் நோக்கமும் அதுவே. ஆயினும் குறியீட்டைக் கண்டவுடன் பொருளைக் கைவிட்டுவிடுகின்றோம் என்பதே எமது குறை. நத்தத்தனார் காளானைத் தனியே நிறுத்தவில்லை. பழஞ்சுவரைக் கறையான் அரிக்கின்றது. அரித்த புழுதியிலே உட்டுளையுள்ள காளான் பூக்கின்றது. கறையான், புழுதி, காளான் என்ற மூன்றும் ஒரே தொடரில் ஒரு வரிசையில் நிற்கின்றன. இவ்வரிசை தற்செயலானதா?

இன்றைய உயிரியல் இவ்வரிசைக்கு ஒரு விளக்கம் தரவல்லது. எமது நாட்டிலும் தென்னிந்தியாவிலும் புற்றுக் கட்டும் கறையான்களுட் சில, பங்கசுவைப் பயிரிட்டு வாழ்வன. மரத்தையும் சருகையும் அரித்துக் கொணர்ந்து, அவற்றைப் புற்றினுள்ளே தேனடை போன்ற அமைப்பாக்கி, அதன்மீது டேர்மிற்றோமைசிஸ் என்னும் பங்கசு இனத்தை வளர்க்கின்றன. தாம் தனித்துச் செரிக்கமுடியாத மரப்பகுதியைப் பங்கசு உடைத்துக் கொடுக்க, கறையான்கள் அதனை உண்கின்றன. மழைக்காலத்திலே இப்பங்கசு புற்றின் ஆழத்திலிருந்து வேர்போன்ற நீண்ட காம்பை மேலனுப்பி, நிலத்தின் மேலே குடை விரிக்கின்றது. நத்தத்தனார் கண்ட காளான் இவ்வினந்தான் எனத் துணிந்துரைத்தல் பொருந்தாது. எனினும் கறையான் வேலை செய்த மண்ணிற் காளான் எழுதலை அவர் கூர்ந்து நோக்கியிருந்தார் என்பதிற் சந்தேகமில்லை. அரிக்கப்பட்ட மரம் உணவாகின்றது, உணவு பங்கசாகின்றது, பங்கசு குடையாகின்றது. தொல்காப்பியர் கூறும் ஆக்கத்துக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? வறுமையைச் சொல்ல வந்த புலவர் வியப்புக்குரிய ஒன்றையும் கண்டு வைத்துச் சென்றுள்ளார். நாமோ ஈராயிரம் ஆண்டுகளாக வறுமையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மரத்தையும் காளானையும் வெவ்வேறாக நோக்குவதுங்கூட முழுமையானதன்று. 1885இல் ஜேர்மனிய தாவரவியலாளர் பிராங்க், மரவேரும் பங்கசும் ஒன்றிணைந்து இயங்கும் அமைப்புக்குப் பங்கசுவேர் எனப் பொருள்படும் பெயரை இட்டார். பங்கசு மண்ணிலிருந்து பொசுபரசு முதலியவற்றை மரத்துக்கு ஈட்டிக்கொடுக்க, மரம் தான் ஆக்கிய வெல்லத்தின் ஒரு பகுதியைப் பங்கசுக்கு அளிக்கின்றது. சிங்கராஜ வனத்து ஹொர மரங்களும், ஹந்தானையிலே மனிதர் கொணர்ந்து நட்ட பைன் மரங்களும் இவ்வுறவின்றிச் செழித்தல் அரிது. மரங்கள் பேசுகின்றன என்ற கற்பனை இல்லாமலே இது போதிய வியப்பைத் தருகின்றதல்லவா?

இந்நிலையில் ஒரு வலுவான ஆட்சேபத்தை எதிர்கொள்ளவேண்டும். பேராசிரியர் கைலாசபதி, பேராசிரியர் சிவத்தம்பி ஆகியோர் எமக்குக் கற்பித்த சமூகவியல் நோக்கு, இலக்கியத்தின் பின்னாலுள்ள வாழ்க்கைமுறையைக் காணுமாறு பணிக்கின்றது. திணைக்கோட்பாட்டின் பொருளாதார அடிப்படையைச் சிவத்தம்பி 1970களில் விளக்கியமையை நாம் அறிவோம். இந்நோக்கினை மேலோட்டமாகப் பின்பற்றுவோர், வனநடையும் மர வியப்பும் ஓய்வுடைய வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்பர். இதில் உண்மை உண்டு. மலைநாட்டுக் காட்டை அழகென்று வருணித்த வெள்ளையரின் கண்முன்னேதான் அக்காடு வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டமாயிற்று. வெட்டியவர்களுட் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த எம்மவர். அவர்களுக்கு வியக்க நேரமிருந்ததா எனக் கேட்டல் நியாயமே.

ஆனால் வரலாற்றை முழுமையாக நோக்கினால் வேறொன்றும் தெரியவரும். 1869இல் இந்நாட்டுக் கோப்பி இலைகளில் செம்மஞ்சட் பொடிபோல ஒன்று தோன்றியது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவைற்ஸ் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி, புரூம் என்போர் அது பங்கசு எனக் கண்டு ஹெமிலீயா வஸ்தாத்ரிக்ஸ் எனப் பெயரிட்டனர். அப்பெயரின் இரண்டாம் பகுதிக்கு அழிப்பவள் என்பது பொருள். பெயருக்கேற்ப அது சில பத்தாண்டுகளிற் கோப்பிப் பயிரை வீழ்த்தியது. அதனிடத்தைத் தேயிலை கைப்பற்றியது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு வித்தி எம் மக்களின் தொழிலையும் மலைகளின் தோற்றத்தையும் மாற்றியது. சிறுமை வியப்புக்குரியது என்ற இலக்கணம் இங்கே வெறும் அழகியலாக நிற்கவில்லை. பங்கசுவை நோக்காத சமூக வரலாறு, மலையகத்தின் வரலாற்றில் ஒரு பக்கத்தையே விட்டுவிடுகின்றது.

அன்றியும், உழைப்போர்க்கு வியப்பு இல்லையென்று யார் சொன்னார்? என் தாயார் ஒவ்வொரு ஆண்டும் அதே புற்றுக்கே செல்வார். எந்த மழைக்குப் பின் எத்தனை நாளிற் காளான் எழும் என்பதை அவர் அறிவார். காம்பை மெல்ல அசைத்து எடுப்பாரேயன்றிப் புற்றை உடைக்க எம்மை விடமாட்டார். உடைத்தால் மறுமழைக்கு வராது என்பார். எத்தனை ஆண்டு கண்டபின்னும், முதற்காளானைக் காணும்போது சற்று நின்று பார்த்துவிட்டே கை நீட்டுவார். அந்நிற்றலுக்கு அவர் பெயரிட்டதில்லை. மருட்கை என்று பெயரிட யான் பல்கலைக்கழகம் வரவேண்டியிருந்தது. பசியும் வியப்பும் ஒரே மனதில் ஒரே கணத்தில் இருத்தல் கூடும். ஓய்வு வியப்புக்குத் துணையாகலாம்; நிபந்தனையாகாது.

எனவே இயற்கை வருணனை பற்றிய எமது விமர்சனத்திற்குச் சில புதிய வினாக்கள் வேண்டும். புலவர் எத்தனை பெயர்களைக் கூறினார் என்பதோடு நில்லாது, எதனைக் கண்டார் எனக் கேட்டல் வேண்டும். இயற்கைப் பொருள் மனித உணர்வுக்குப் பின்னணியாக மட்டும் நிற்கின்றதா, தன் இயல்போடும் நிற்கின்றதா எனக் கேட்டல் வேண்டும். அதனை அறிந்தோர் யார், எத்தொழிலால் அறிந்தனர் எனவும் கேட்டல் வேண்டும். இவ்வினாக்களுக்கு நூலகத்தில் பாதி விடையே கிடைக்கும். மீதிக்குத் தாவரவியல் மாணவரோடும், புற்றை அறிந்த தாய்மாரோடும் பேசவேண்டியிருக்கும். மழை விட்டபின் மலைக்கும் போகவேண்டியிருக்கும்.

கடந்த ஐப்பசியில் மீண்டும் ஹந்தானைக்குச் சென்றோம். அதே பாதையோரத்திற் காளான்கள் எழுந்திருந்தன. இம்முறை யான் நின்று, அவை எவை, எங்கிருந்து எழுகின்றன, யாரிடம் அறிந்தேன் என்பதைச் சொன்னேன். மலர்ப்பெயர்களை ஒப்புவித்த நண்பர் முழந்தாளிட்டு அமர்ந்து நெடுநேரம் அவற்றைப் பார்த்தார். பின்னர், காம்பு உள்ளே எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார்.