மூடிய பிறகும் முடியாத புத்தகங்கள்

நவம்பர் மாதத்தைக் குறுநாவலுக்கென்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் ஆங்கில வாசகர்கள் சிலரிடம் சில ஆண்டுகளாக இருந்துவருகிறது. ஏறக்குறைய இருநூறு பக்கத்துக்குள் அடங்கும் புத்தகங்களைப் பொறுக்கியெடுத்து மாதம் முழுக்கப் படிப்பதும், பிடித்தவற்றை மற்றவர்களிடம் சொல்வதும்தான் நடைமுறை. சென்ற நவம்பரில் பெரும்பாலும் தமிழ்ப் புத்தகங்களோடு நானும் இதைச் செய்து பார்த்தேன். முப்பது நாளில் பத்தொன்பது புத்தகங்கள் படித்தேன். பதினோரு பேருக்குப் பரிந்துரைத்தேன். அந்த அனுபவத்திலிருந்து இந்தப் பழக்கத்தின் நிறைகுறைகளை எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் நிறை. குறுநாவல் தமிழில் நல்ல விளைச்சல் கண்ட வடிவம். ஜெயகாந்தனின் ‘யாருக்காக அழுதான்?’, கி. ராஜநாராயணனின் ‘கிடை’, தி. ஜானகிராமனின் ‘கமலம்’, ‘அடி’, ஆ. மாதவனின் ‘எட்டாவது நாள்’ என்று சொல்லிக்கொண்டே போகலாம். ‘கணையாழி’ இதழ் தி. ஜானகிராமன் பெயரில் குறுநாவல் போட்டியே நடத்தியது. அப்படியிருந்தும் நம் வாசகப் பேச்சில் சிறுகதைக்கும் நாவலுக்கும் கிடைக்கும் இடம் குறுநாவலுக்குக் கிடைப்பதில்லை. அச்சு முறையும் அதற்கு ஒரு காரணம். ஓர் எழுத்தாளரின் குறுநாவல்கள் பெரும்பாலும் ஒரே கனத்த தொகுப்பாக வருகின்றன. தனிப் புத்தகமாக நின்றால் ஒரு வாசகரைப் பல நாள் ஆட்கொண்டிருக்கக்கூடிய ‘அடி’, தொகுப்பில் முன்னும் பின்னும் இன்னொரு கதை நெருக்க நிற்கிறது. குறுநாவலுக்கென்று ஒரு மாதம் ஒதுக்கும்போது, தொகுப்பைத் திறந்து ஒன்றை மட்டும் படித்துவிட்டு மூடிவைக்கும் பழக்கம் வருகிறது. அந்த அளவில் இது வடிவத்துக்குச் செய்யும் நியாயம்.

இரண்டாவது நிறை, விட்டுப்போன வாசகர்களைத் திரும்ப அழைத்துவருவது. என்னோடு வேலைபார்க்கும் ஒரு பெண், குழந்தை பிறந்தபின் எட்டு ஆண்டுகளாக ஒரு புத்தகத்தையும் முடித்ததில்லை என்று வருத்தப்பட்டார். அவருக்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ கொடுத்தேன். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் நான்கு நாளில் படித்து முடித்தார். குடத்தோடு அலையும் ஜமுனாவையும், நோயாளிக் கணவனையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு அசராமல் நிற்கும் டீச்சரம்மாவையும் பற்றி மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசினார். ஒரு புத்தகத்தை முடித்தோம் என்ற நிறைவு அடுத்ததை எடுக்க வைக்கிறது. அறுநூறு பக்க நாவலைக் கொடுத்திருந்தால் அது அவர் வீட்டு அலமாரியில்தான் இருந்திருக்கும்.

இனி குறைகள். பக்க எண்ணிக்கையை வடிவத்துக்கு அளவுகோலாக வைப்பது முதல் தவறு. எழுத்தளவை மாற்றினால் நூற்றைம்பது பக்கம் இருநூறாகிவிடும். அறிவியல் புனைவு விருதுகளான ஹியூகோவும் நெபுலாவும் 17,500 சொல்லுக்கும் 40,000 சொல்லுக்கும் இடைப்பட்டதைக் குறுநாவல் என்கின்றன. அந்தக் கணக்கும் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு நான்கைந்து சொற்கள் வேண்டும்.

அளவு ஒன்றாக இருப்பதால் இயல்பும் ஒன்றாகிவிடாது. பூமணியின் ‘வெக்கை’ (1982) கொலையில் தொடங்கி, சிதம்பரமும் அவன் அய்யாவும் தலைமறைவாகத் திரியும் எட்டு நாட்களில், ஒரு குடும்பத்தின் நிலத்தையும் பகையையும் பழைய காலத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு விரிகிறது. மெலிந்த உடம்பானாலும் அது நாவல்தான். இமையத்தின் ‘பெத்தவன்’ பஞ்சாயத்தின் தீர்ப்பையும் அதைத் தொடரும் இரவையும் விட்டு விலகாமல் ஒரே முடிச்சை இறுக்கிக்கொண்டே போகிறது. குறுநாவலுக்கு அந்த ஒற்றை முடிச்சுதான் அடையாளம். இரண்டையும் ‘சின்னப் புத்தகம்’ என்று ஒரே தட்டில் வைத்தால் இரண்டின் திறமும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இரண்டாவது குறை எண்ணிக்கை மோகம். ஒரே மூச்சில் படிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஒரே அமர்வில் படிக்க முடிவது குறுநாவலின் தனிப்பெரும் வலிமை. அதன் இறுக்கம் அப்போதுதான் முழுதாகப் பிடிபடும். ஒன்றை மூடிய கையோடு அடுத்ததைத் திறப்பதில்தான் கோளாறு இருக்கிறது. நாவலாசிரியர் இருநூறு பக்கத்தில் சொல்லக்கூடியதைக் குறுநாவல் ஆசிரியர் சொல்லாமல் விடுகிறார். விட்டதை வாசகர் தன் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு, மூடிய பிறகு ஒரு நாளாவது வெறுமனே இருக்க வேண்டும்.

அயர்லாந்து எழுத்தாளர் கிளேர் கீகனின் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ 2022இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது, நூற்றுச்சொச்சம் பக்கம்தான். 1985ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில், நிலக்கரி வியாபாரி பில் ஃபர்லாங் கன்னிமாடத்தில் அடைபட்டிருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிறார். ஊரே வாய்மூடியிருக்க, அவர் எடுக்கும் முடிவோடு கதை நின்றுவிடுகிறது. பதினோராவது புத்தகமாக இதை ஓர் இரவில் முடித்து, நெகிழ்ச்சியான முடிவு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். டிசம்பரில் மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. ஃபர்லாங்குக்கு ஐந்து மகள்கள். அந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்கான நல்ல பள்ளி கன்னிமாடத்தின் கையில். மறுநாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது கதையின் கடைசி வரிக்குப் பிறகு தொடங்குகிறது. அந்தப் பாதியை நவம்பரில் நான் படிக்கவே இல்லை.

டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ (1886) இதை இன்னும் தெளிவாகக் காட்டும். சாவுச் செய்தியில் தொடங்கும் கதை அது. செய்தி கேட்ட சக அதிகாரிகளின் நினைப்பு காலியாகும் பதவிமேல் போகிறது. பிறகுதான் இறந்தவரின் வாழ்க்கையும் வேதனையும் வருகின்றன. முடித்தவுடன் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினால், அந்த அதிகாரிகளின் வரிசையில் நாமும் நின்றிருந்தது தெரியும். திரும்பிப் போகாதவருக்கு அது நோயாளி ஒருவரின் கதையாக மட்டுமே மிஞ்சும்.

மூன்றாவது குறை பரிந்துரைக்கும் மொழியில் இருக்கிறது. ‘மெல்லிசுப் புத்தகம், ஒரே நாளில் முடித்துவிடலாம்’ என்று சொல்லித்தான் அந்த மாதம் பலருக்கும் புத்தகம் கொடுத்தேன். அப்பாவை இழந்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு நண்பருக்கும் அப்படியே சொல்லி, சம்பத்தின் ‘இடைவெளி’யைக் கொடுத்தேன். சாவு என்றால் என்ன என்ற கேள்வியை ஒரு கணம்கூட விடாமல் துரத்தும் தினகரனின் கதை அது. நண்பர் பாதியில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். ‘இப்ப இது வேண்டாம்’ என்று மட்டும் சொன்னார். தமிழின் மிகச் சிறந்த ஆக்கங்களில் ஒன்று அது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் படிப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்க்காமல், பக்கத்தை மட்டும் பார்த்துக் கொடுத்தது தவறு. குறுநாவலில் சாய்ந்து இளைப்பாற இடம் கிடையாது. நீண்ட நாவலில் கனமான பகுதிக்குப் பின் ஒரு திருவிழாவோ தெருச்சண்டையோ வந்து மூச்சுவிட வைக்கும். இங்கே எடுத்த பாரத்தைக் கடைசிவரை சுமந்தே ஆக வேண்டும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், இந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. மறந்த வடிவத்தை நினைவூட்டுகிறது, படிப்பை விட்டவரைத் திரும்பக் கூப்பிடுகிறது. இவை இரண்டும் சிறிய நன்மைகள் அல்ல. எண்ணிக்கையை மட்டும் எடுத்துவிட வேண்டும். வரும் நவம்பரில் பத்தொன்பது வேண்டாம், ஆறு போதும். ஒன்றை முடித்தால் மறுநாள் எதையும் திறக்காதீர்கள். அதற்கு அடுத்த நாள் அதன் முதல் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் எத்தனை பக்கம் என்று சொல்லாமல், எதைப் பற்றியது என்று சொல்லிக் கொடுங்கள்.