வெண்ணிற ஆடையும் போடிநாயக்கனூரும்

அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் வைத்திருக்கும் பொது அறிவு வழிகாட்டிகளில் சில கேள்விகள் பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறுமே தவிர, காணாமல் போவதில்லை. தமிழ்நாட்டில் சட்ட மேலவை என்று ஒழிக்கப்பட்டது? 1986 நவம்பர் 1. சட்டப்பேரவையின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர் யார்? ஜெயலலிதா, 1989-இல் போடிநாயக்கனூரிலிருந்து தேர்வானவர். 2014-இல் மதுரா மக்களவைத் தொகுதியில் வென்ற நடிகை? ஹேமமாலினி. 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் வென்றவர்? ரோசம்மா புன்னூஸ். மேலவை ஆட்சியியல் பகுதியில் இருக்கும், தேவிகுளம் அண்டை மாநில வரலாற்றில் இருக்கும், ஹேமமாலினி நடப்பு நிகழ்வுகளில் இருப்பார். ஒன்றுக்கொன்று முகம் தெரியாத செய்திகள்.

விஜய் தொலைக்காட்சியில் ஜெகன் நடத்திய ‘கனெக்‌ஷன்’ பாணியில் இவற்றை வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பெயரைக் கேட்டால் விடை ஒரு சினிமா இயக்குநர். ஸ்ரீதர். ‘கல்யாண பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘காதலிக்க நேரமில்லை’ எடுத்த அதே ஸ்ரீதர்தான். இந்த முடிச்சுகளில் முக்கியமானவை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரே சரிவில், போடியிலும் அதற்கு மேலும் கீழுமாக விழுந்திருக்கின்றன என்பது இன்னும் சுவையான சங்கதி.

1965-இல் ஸ்ரீதர் புதுமுகங்களைக் கொண்டு ‘வெண்ணிற ஆடை’ எடுத்தார். ஸ்ரீகாந்த், நிர்மலா, மூர்த்தி ஆகியோர் அதில் அறிமுகமானார்கள். ஜெயலலிதாவுக்கும் தமிழில் அதுதான் முதல் படம். இதே படத்துக்காகப் பார்க்கப்பட்டு, பிறகு வேண்டாம் என்று விடப்பட்டவர் ஹேமமாலினி. மூன்றே ஆண்டுகளில் அவர் ராஜ் கபூருக்கு ஜோடியாக இந்தியில் இறங்கிவிட்டார். 1973-இல் ‘கஹ்ரீ சால்’ என்ற இந்திப் படத்தில் அவரையே ஸ்ரீதர் இயக்கவும் செய்தார். மதுரா முடிச்சு இவ்வளவுதான். கொஞ்சம் இழுத்துக் கட்டியது என்றே சொல்வேன்.

மேலவை முடிச்சு அப்படியல்ல. 1986-இல் எம்.ஜி.ஆர். அரசு நிர்மலாவை மேலவைக்கு நியமிக்க முன்வந்தது. அதற்குள் அவர் பெயரோடு படத்தின் பெயர் ஒட்டி இருபது ஆண்டு ஆகியிருந்தது. ‘வெண்ணிற ஆடை’ நிர்மலா என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவர் நீதிமன்றத்தால் திவாலானவர் என்று முன்பே அறிவிக்கப்பட்டவர். திவால் நிலையிலிருந்து விடுபடாதவர் சட்டமன்ற அவை எதிலும் உறுப்பினராக முடியாது என்கிறது அரசியல் சாசனத்தின் 191-ஆவது பிரிவு. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. நிர்மலா விலகிக்கொண்டார். மே 14 அன்று மேலவையே வேண்டாம் என்று பேரவையில் தீர்மானம் நிறைவேறியது. 169-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, நவம்பர் 1 முதல் மேலவை இல்லை. அதன் கடைசித் தலைவர் ம.பொ.சிவஞானம்.

ஒரு நடிகையின் கடன் ஒரு சபையையே கவிழ்த்தது என்று கதை சொல்வது எளிது. பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் திமுக பெருவாரியாக வென்றிருந்தது. மேலவை உறுப்பினர்களில் ஒரு பகுதியினரை உள்ளாட்சி அமைப்புகள்தான் தேர்ந்தெடுக்கும். அப்போது கருணாநிதி இருந்ததும் மேலவையில்தான். மேலவை நீடித்திருந்தால் அங்கே யாருடைய கை ஓங்கியிருக்கும் என்று கணக்குப் போட எம்.ஜி.ஆருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிர்மலா விவகாரம் வெடிக்கக் காத்திருந்த ஒன்றுக்குத் திரியாக இருந்திருக்கலாம். மருந்து வேறெங்கோ இருந்தது. வழிகாட்டி நூல் தேதியை மட்டும் கேட்பதால் இந்தச் சிக்கலே மாணவர்களுக்கு வருவதில்லை.

இந்தத் தேதிக்கு மலையில் ஒரு பழைய கணக்கு உண்டு. 1956-இல் அதே நவம்பர் 1 அன்றுதான் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டன. தமிழர்கள் திரளாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. மாநிலத்தின் எல்லைக்காக ஊர் ஊராகப் போராடிய ம.பொ.சி., அதே தேதியில் முப்பது ஆண்டு கழித்துத் தன் நாற்காலியையும் இழந்தார். இதில் ஸ்ரீதருக்கு வேலையில்லை, வெறும் பஞ்சாங்கப் பொருத்தம். ஆனால் போடியை அறிய 1956-ஐ அறிந்தாக வேண்டும். அன்று முதல் இந்த ஊரின் பிழைப்பு மேலே கேரளத்திலும் ஓட்டு கீழே தமிழ்நாட்டிலுமாகப் பிரிந்து கிடக்கிறது.

விடியும் முன்னே போடியிலிருந்தும் தேவாரம், கோம்பை, கம்பம் பக்கமிருந்தும் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டுச் சாலைகளில் மலையேறும். பெரும்பாலும் பெண்கள். உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் நிழல்மரங்களுக்கு அடியில் குத்துக்காலிட்டு, செடியின் தூரில் தரையோடு படர்ந்திருக்கும் சரங்களில் விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ளுவார்கள். பிஞ்சைக் கிள்ளினால் திட்டு விழும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். உலர்ந்த காய் மூட்டையாகப் போடிக்கு இறங்கும். கிட்டங்கிகளில் அதைச் சல்லடையில் போட்டு ஏழு மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர் என்று பிரிப்பார்கள். வெடித்தது, வெளுத்தது எல்லாம் கையால் பொறுக்கப்பட்டுத் தனியே போகும். ஏல மையத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் வியாபாரி மாதிரிக் காயில் ஒன்றை நகத்தால் பிளந்து, உள்ளே விதை கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை ஏற்றுவார். ஒவ்வொரு தேர்தலிலும் வெளியிலிருந்து வரும் பெரிய பெயர்களை எடை போட்ட போடி வாக்காளர்களில் கணிசமானோர் இந்த வேலைக்காரர்கள்.

அப்படி வந்த பெயர்களில் பெரியது 1989-இல் வந்தது. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24-இல் மறைந்த பின் அவரது அதிமுக இரண்டாகப் பிளந்தது. தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சரான அவர் மனைவி ஜானகியின் ஆட்சி 24 நாளில் முடிந்தது. கட்சிச் சின்னமான இரட்டை இலை முடங்கியது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். 1989 ஜனவரி 21 தேர்தலில் ஜானகி ஆண்டிபட்டியில் நின்றார். 1984-இல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே வென்ற தொகுதி அது. தேனிக்கு அந்தப் பக்கம் ஆண்டிபட்டி, இந்தப் பக்கம் போடி. அப்போது தேனி தனி மாவட்டமாகவில்லை. எல்லாம் மதுரை மாவட்டம். எம்.ஜி.ஆரின் கோட்டை என்று பெயரெடுத்த இந்தப் பட்டையில் இன்னொரு தொகுதியை ஜெயலலிதா பிடித்துக்கொண்டார். அவரை எதிர்த்து ஜானகி அணி போடியில் நிறுத்தியவர் ‘வெண்ணிற ஆடை’ நிர்மலா.

ஒரே படத்தில் அறிமுகமான இரண்டு கதாநாயகிகள் ஒரே வாக்குச்சீட்டில். அந்தப் படத்தில் மணமான கையோடு கணவனைப் பறிகொடுத்துச் சித்தம் கலங்கிய பெண்ணாக ஜெயலலிதா. அவருக்குச் சிகிச்சை தர வரும் மருத்துவர் ஸ்ரீகாந்த். அந்த மருத்துவரின் காதலி நிர்மலா. குணமாகும்போது நோயாளி மருத்துவரையே விரும்பத் தொடங்குகிறாள், கடைசியில் அவன் அவளுக்குக் கிடைப்பதில்லை. போடியில் இருவரும் போட்டியிட்டது ஒரு தலைவரின் வாரிசு உரிமைக்கு. இங்கே முடிவு தலைகீழ். ஜெயலலிதா பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டாமிடம் கூட நிர்மலாவுக்கு இல்லை, திமுகவுக்குப் போயிற்று. அதே நாளில் ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார். மாநிலம் முழுதும் சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு இரண்டே இரண்டு. ஆட்சி திமுகவுக்குப் போனது. போடி உறுப்பினர் எதிர்க்கட்சித் தலைவரானார். மேலவையை மீட்கும் தீர்மானத்தைத் திமுக அந்த ஆண்டே கொண்டுவந்தது. 2010 வரை இன்னும் சில முறை முயன்றும் மேலவை திரும்பி வரவில்லை.

சல்லடையை இந்தச் செய்திகளுக்கும் போட்டுப் பார்த்தால் எட்டு மில்லிமீட்டரில் நிற்பது இந்தப் போடித் தேர்தல் ஒன்றுதான். காரணம், நிர்மலாவை நிறுத்தியவர்கள் அந்தப் பழைய ஜோடியை நினைத்துத்தான் நிறுத்தினார்கள் என்று நம்ப இடமிருக்கிறது. சினிமாப் புகழுக்குச் சினிமாப் புகழை எதிர் வைப்பது என்ற கணக்கு. அது பலிக்காததற்கு ஜெயலலிதாவின் புகழ் மட்டும் காரணமல்ல. எம்.ஜி.ஆரின் ஓட்டை அள்ளிப்போக வந்த இருவரில், 1983 முதல் கொள்கை பரப்புச் செயலாளராக ஊர் ஊராக மேடையேறியவர் யார் என்று வாக்காளர்களுக்குத் தெரிந்திருந்தது.

தேவிகுளத்துக்கு வருவோம். 1957 தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானதால் 1958-இல் அங்கே இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் தமிழர்கள் என்பதால் பிரச்சாரத்துக்குத் தமிழ்ப் பாட்டு தேவைப்பட்டது. இதே மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு மலையேறினார். தேயிலைத் தோட்ட லயங்களுக்கு நடுவே பாடிய அந்தக் குடும்பத்தின் தம்பிகளில் ஒருவர்தான் பின்னாளில் இளையராஜா. அவர் ஸ்ரீதருக்கு இசையமைத்த படம் ‘இளமை ஊஞ்சலாடுகிறது’, 1978. தேவிகுளத்துக்கும் ஸ்ரீதருக்கும் இடையே இருபது ஆண்டு இடைவெளி, ஒரு ஆர்மோனியம். நூல் மெலிசுதான். ஆனால் அந்தப் படத்தில் ஒரே பெண்ணை வைத்து முக்கோணத்தில் சிக்குபவர்கள் கமலும் ரஜினியும். முக்கோணம் ஸ்ரீதருக்குக் ‘கல்யாண பரிசு’ காலத்திலிருந்தே கைவந்த சரக்கு. இருவருமே பிற்பாடு அரசியல் வாசலுக்கு வந்தார்கள். கமல் 2018-இல் மதுரையில் கட்சி தொடங்கி, 2021-இல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார். ரஜினி வாசலிலேயே திரும்பிவிட்டார்.

அந்த 2021 தேர்தலில் போடியின் வாக்கு இயந்திரத்தில் சொல்லும்படியான நடிகர் பெயர் எதுவும் இல்லை. ஆனாலும் பழைய படம் முற்றிலும் ஓடி முடியவில்லை. அதிமுக வேட்பாளர் ஓ. பன்னீர்செல்வம். மூன்று முறை முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர். 1989-இல் அவர் ஜானகி அணியில் இருந்தார், நிர்மலாவுக்குத் தேர்தல் முகவராக வேலை பார்த்தார் என்பது அவரது எதிரிகள் மேடைதோறும் சொல்லிக்காட்டிய விஷயம். அவரை எதிர்த்துத் திமுக சார்பில் நின்றவர் தங்க தமிழ்ச்செல்வன். 2002-இல் ஜெயலலிதா மறுபடி சட்டமன்றம் போக வேண்டியிருந்தபோது ஆண்டிபட்டி உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்து இடம் கொடுத்தவர் அவர். நிர்மலா பக்கம் நின்றதாகச் சொல்லப்படுபவர் ஜெயலலிதாவின் கட்சிச் சின்னத்திலும், ஜெயலலிதாவுக்குத் தொகுதியையே விட்டுக்கொடுத்தவர் திமுக சின்னத்திலும் நின்ற அந்தத் தேர்தலில், போடி இரட்டை இலையைச் சுமார் 11,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது.