பிரதி யார் கையில்?

'ஸ்ட்ரீமிங்' என்ற சொல்லிலேயே ஒரு கருத்தியல் ஒளிந்திருக்கிறது. ஓடை, தாரை என்று இயற்கையின் பெயரைச் சூட்டிவிட்டால் அதன் பின்னாலிருக்கும் அதிகாரம் கண்ணில் படாது. உண்மையில் அங்கே எதுவும் ஓடுவதில்லை. படம் சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக முன்பே வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சர்வரில் கிடக்கிறது. நம் கைப்பேசி முதலில் துண்டுகளின் பட்டியலை வாங்குகிறது. பிறகு 'அடுத்ததைக் கொடு, அடுத்ததைக் கொடு' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. இணைப்பு மெலிந்தால் மட்டமான துண்டு, தேறினால் நல்ல துண்டு. வந்தவை பஃபர் எனும் தற்காலிக நினைவில் கொஞ்சம் முன்கூட்டியே சேர்வதால்தான் தொடர்ச்சி போலத் தோன்றுகிறது. பார்த்து முடித்தவை கழிக்கப்பட்டுவிடுகின்றன. 2009ல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையின் சாரம் இதுதான்.

வேறு வழியே இல்லையா? இருந்தது. 1993 ஜூனில் கலிஃபோர்னியாவிலிருந்து 'சிவியர் டயர் டேமேஜ்' என்ற ராக் குழுவின் நிகழ்ச்சி எம்போன் என்ற சோதனை வலைப்பின்னலில் நேரடியாகப் போனது. அந்த முறையில் அனுப்புகிறவர் ஒரு பிரதி அனுப்பினால் போதும். பாதை பிரிகிற இடங்களில் வலையே நகலெடுத்துக்கொள்ளும். பிணைய நிறுவனங்கள் பலவும் இதைத் தம் எல்லைக்கு வெளியே திறந்துவிடவில்லை. பொது இணையத்தில் வென்றது தனித்தனியாகக் கேட்டு வாங்கும் முறைதான். கேட்பது ஒவ்வொன்றும் மறுமுனையில் பதிவாக முடியும். வாசகன் பிரதியை எழுதுகிறான் என்று நாம் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே பிரதி வாசகனை எழுதிக்கொள்கிறது.

சரி, வீட்டிலிருந்தபடியே உலக சினிமா பார்க்கக் கிடைக்குதே, இதுல என்னய்யா குறைன்னு நண்பர்கள் கேட்கலாம். பார்க்கக் கிடைப்பது வேறு, கையில் இருப்பது வேறு. படப்பெட்டி ஊர் ஊராகப் போன காலத்தில் ஒரு படத்தைத் தடுக்கப் பெட்டியைத் தேடிப் பறிக்க வேண்டியிருந்தது. கேசட் வந்தபிறகு அதுவும் சிரமமாயிற்று, கைமாறிக்கொண்டே இருக்கும். இப்போது பறிக்க எதுவுமில்லை. கேட்டதற்குப் பதில் தராமல் இருந்தால் போதும், முடிஞ்சுது கதை.

தணிக்கைச் சான்றிதழோடு 2023 டிசம்பரில் திரையரங்குகளில் வெளியான 'அன்னபூரணி' அந்த மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. இந்துத்துவ அமைப்புகள் எதிர்ப்புக் கிளப்பியதும், 2024 ஜனவரியில், உரிமை வைத்திருந்தவர் கேட்டுக்கொண்டபடி நீக்கப்பட்டது. படம் நல்ல படமா என்பதல்ல பிரச்சனை. பாதி பார்த்து நிறுத்தியவர் மறுபடி வந்தபோது அது அங்கே இல்லை. திரை கிழியவில்லை, சுருள் எரியவில்லை. வன்முறை நடந்த தடயமே இல்லை.

மாற்று சினிமாவும் போராட்ட ஆவணப்படங்களும் எடுக்கும் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். ஏதோ ஒரு தளத்தில் ஏற்றியாயிற்று என்பதோடு வேலை முடிந்துவிடாது. இறக்கிவைத்துக்கொள்ளக்கூடிய முழுக்கோப்பாகவும் கொடுங்கள். பத்து ஊரில் பத்துப் பேரிடம் இருக்கட்டும். பிரதி என்பதற்கு நகல் என்றும் ஒரு பொருள் உண்டு. அந்தப் பழைய பொருளை நாம் கொஞ்சம் மறந்துதான் போனோம்.